யார் இல்லை என்று கேட்டவள்

2023 மார்ச் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. ஹந்தானைக்கு ஏறும் வீதியில் எங்கள் வீட்டுக் கேற்றுக்கு முன்னால் அவள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலுக்குப் பிடிக்கிற குடை அல்ல, பெரிய கறுப்பு மழைக்குடை. மழை வருமென்று இவளுக்கு யார் சொன்னது என்று நினைத்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு மழை கொட்டியது. அன்றிலிருந்தே எனக்கு அவள்மேல் சந்தேகம்.

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டிருந்தால், 'எழுதுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை.

வயது முப்பத்திரண்டு. ஊர் திகன. தலையில் முக்காடு, காலில் ஆண்கள் போடுகிற சப்பாத்து, வலது கையில் மணிக்கூடு. உள்ளே வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். படம் எடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"என்ன படம் மகள்?" என்றாள் என் மனைவி. வந்து நாலு நிமிடம் ஆகவில்லை, அதற்குள் மகள்.

"இந்தியாவுக்குப் போன ஒரு தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஆன்ட்டி. போறதுக்கு முந்தின ஒரு கிழமை. அவ்வளவுதான் கதை."

"பாட்டு இருக்கா?"

"இல்ல."

"சண்டை?"

"வீட்டுச் சண்டை ஈக்கி."

"அப்ப யாரு வந்து பாக்கப் போறா?"

"நீங்க வருவீங்கதானே."

காசு யார் தருகிறார்கள் என்று நான் கேட்டேன். கொஞ்சம் அவளுடைய நகை, கொஞ்சம் அவளுடைய வாப்பா விற்ற லொறி, மீதிக்கு ஆள் தேடுகிறாளாம். இப்படிச் சொல்கிறவர்களை யார் நம்புவது? தோட்டத்து ஒப்பீசில் அந்தக் காலத்தில் பிரஜாவுரிமைப் படிவம் நிரப்பிய கிளாக்கர்மாரில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்களாம்.

"இரண்டா, மூன்றா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள்.

முப்பத்தெட்டு வருடம் கிளாக்கராக இருந்தவன் நான். எழுதாத ஆளை நான் நம்புவதில்லை. அவள் ஒன்றரை மணித்தியாலம் கேள்வி கேட்டாள், ஒரு வரியும் எழுதவில்லை. கையில் கொப்பி இல்லை. போனை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தாள். சீனி இல்லாத பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே கருப்பட்டித் துண்டைக் கடித்தாள். ஆறு துண்டு வைத்தோம், ஐந்து போனது. அடுத்த முறை வந்தபோது, நான் முதல் நாள் சொன்ன பதினோரு விஷயங்களில் பதினொன்றையும் ஒழுங்கு மாறாமல் திருப்பிச் சொன்னாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் இருப்பவர்களைப் பற்றிக் கேட்க மாட்டாள். எங்கள் கல்யாணப் படத்தை மனைவி அலுமாரிக்குள்ளிருந்து எடுத்து வந்தாள். அதில் பதினான்கு பேர். அவள் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுப் படாமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதில யார் இல்ல?"

"ஐயோ, இவங்க பக்கத்து ஆளுங்க ஒருத்தருமே இல்லியே" என்றாள் மனைவி. "அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாம் அதுக்கு முன்னாலயே இந்தியாவுக்குக் கோச்சி ஏறிட்டாங்க. இருக்கிற பதினாலு பேருல மாப்பிள்ளையைத் தவிர எல்லாரும் எங்க ஆளுங்க."

"தங்கச்சிக்கு அப்ப என்ன வயசு அங்கிள்?"

மனைவியைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். காற்று ஒன்றும் வரவில்லை.

ஏன் சாத்தினேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளை விளங்காது.

தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்த காலத்தில் அவர்கள் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு நிறையாத பிள்ளைகள் தகப்பனுடைய படிவத்தில் சேருவார்கள். நிறைந்தவர்கள் தனியாக எழுத வேண்டும். பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்று இல்லை. ஒப்பீசில் கிளாக்கர் எழுதுகிற வயதுதான் வயது. அப்பா இந்தியாவுக்கு எழுதினார். நான் இலங்கைக்கு எழுதினேன். தங்கச்சிக்கு அப்போது பத்தொன்பது. கொழுந்து பறிக்கப் பேர் பதிந்து மூன்று வருடம். அவளும் இங்கேயே இருக்கத்தான் ஆசைப்பட்டாள். "எனக்கும் தனியா எழுதுண்ணே" என்று ஒப்பீஸ் வாசலில் கூடையோடு நின்று சொன்னாள். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. அப்பாவின் படிவத்தில் மூன்றாவது வரியில் அவள் பெயரைப் போட்டு, வயது பதினேழு என்று எழுதினேன்.

எனக்கு அப்போது பெரிய கிளாக்கருடைய மகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டாஃப் குவாட்டஸில் வளர்ந்த பெண். கொழுந்து பறிக்கிற நாத்தனார் தொழிலாளர் லயத்தில் இருந்தால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குப் பயம். மூன்று வருடம் கழித்துப் பாஸ்போட் வந்தபோது தங்கச்சியின் பெயரும் அதில் வந்தது. கொழும்பில் பிழை விட்டுவிட்டார்கள், இனி மாற்ற ஏலாது என்று சொன்னேன். கண்டி ஸ்டேஷனில் தலைமன்னார் கோச்சியில் ஏறும்போது அவள் அழவில்லை. அதை நான் அப்போது நல்லதாக எடுத்துக்கொண்டேன். அதிலிருந்து எட்டாம் மாதம் எனக்குக் கல்யாணம்.

இதை நான் ஐம்பது வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும்தான். அப்பாவும் அம்மாவும் கோத்தகிரிப் பக்கத்திலேயே செத்தார்கள். தங்கச்சி அங்கே கல்யாணம் கட்டி, அங்கேயும் கொழுந்துதான் பறித்தாள். தீபாவளிக்கு ஒரு கடிதம் வரும், பிறகு போன் வந்தது. என் பதில்கள் மூன்று வரியைத் தாண்டியதில்லை.

இப்போது ஒருத்தி வந்து தங்கச்சிக்கு என்ன வயது என்று கேட்கிறாள்.

இவள் யார், யார் அனுப்பினார்கள் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை திகனவுக்குப் போனேன். பல்லேகல ஊடாகப் போகிற பஸ். மனைவியிடம் பல் வைத்தியரிடம் போவதாகச் சொன்னேன். அவளுடைய வீடு ஒரு ஹாட்வெயார் கடைக்குப் பின்னால். அவள் இல்லை. வாப்பா இருந்தார், எழுபது வயது இருக்கும். என்னை யாரென்று கேட்காமலே உட்கார வைத்தார். பின் முற்றத்தில் மதிலோரம் அம்மிகள் வரிசையாக இருந்தன. எண்ணினேன். இருபத்து மூன்று.

"விக்கிறதா?" என்றேன்.

"அல்லாஹ், இல்ல. இது தோட்டத்து ஆக்கள்ட. இந்தியா போகச்செல்ல கப்பல்ல பாரம் ஏத்த விடல்லதானே. எங்கட வாப்பா அப்ப பலசரக்குக் கடை. 'நானா, வந்து எடுத்துக்கிறோம்'னு செல்லி வெச்சிட்டுப் பெய்த்தாங்க. ஒவ்வொண்டுக்கும் அடியில பேர் எழுதி ஈக்கி."

"ஒருத்தரும் வரல்லையா?"

"ரெண்டு பேர் வந்தாங்க. இருபத்தஞ்சு ஈந்திச்சி."

"வீட்டில பாவிக்கிறதில்லையா?"

"நம்பி ஒப்படைச்ச அமானிதத்தை எப்பிடி பாவிக்கிற? மகள் சின்னதில ஒண்டில ஏறி நிண்டு வெளயாடினதுக்கு எங்கட வாப்பாகிட்ட அடி வாங்கினா. அதுக்குப் பொறகு ஒவ்வொரு அம்மியாப் பொரட்டி, இது யாரு, அது யாரு, எங்க போனாங்கன்னு கேக்க வெளிக்கிட்டவதான். இன்னம் நிப்பாட்டல்ல."

பிளேன்டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். இதைக் கேட்ட பிறகு என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. பிறத்தியாருடைய கல்லை ஐம்பது வருடம் அரைக்காமல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பிடித்தால் லேசில் விடாது என்றுதான் பஸ்ஸில் வரும்போது தோன்றியது.

ஓகஸ்டில் படப்பிடிப்பு தொடங்கியது. ஹந்தானையில் ஆட்கள் இல்லாத ஒரு பழைய லயத்தை வாடகைக்கு எடுத்திருந்தாள். மொத்தம் ஒன்பது பேர், ஒரு வேன், ஒரு கமெரா. நடித்தவர்கள் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள்தான். நான் போகக் கூடாது என்று நினைத்து, எல்லா நாளும் போனேன். என்ன எடுக்கிறாள் என்று தெரிய வேண்டுமே.

அவள் ஒருவரையும் அதட்டியதைப் பார்க்கவில்லை. மத்தியானம் சோற்றுப் பார்சல் வந்தால் எல்லாரும் சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டாள். வேனைச் சுற்றி நடந்து, "யார் இன்னம் சாப்பிடல்ல?" என்று கேட்பாள். எப்போதும் ஒரு ஆள் மிஞ்சியிருக்கும். ஒருநாள் அது அவளேதான். பார்சல் ஒன்று குறைந்துவிட்டது. எனக்குக் கொடுத்ததுதான் அவளுடையது என்று பிறகு டிரைவர் சொன்னான். இப்படிச் செய்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் மூட்டை கட்டுகிற காட்சி. கதையில் வரும் தாய், என்னைப் போலவே தோட்டத்தில் பிறந்த ஒரு கிழவி, சட்டிகளைச் சாக்கில் போட வேண்டும். கிழவி போட்டுப் போட்டு, திடீரென்று ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள். "இது எதுக்கு வெளிய வெச்சீங்க?" என்று கமெராக்காரப் பையன் கோபப்பட்டான். "மகன் இங்கினதானே இருக்கப் போறான். அவனுக்குச் சோறாக்க வேணாமா தம்பி?" என்றாள் கிழவி. கதையில் அப்படி ஒரு வரி இல்லை. படம் எடுக்க வந்தவள் போய்க் கிழவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அதையே திரும்ப எடுத்தாள். நான் எழுந்து தேயிலைக்குள் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன். என் அம்மாவும் எனக்கு ஒரு சட்டி வைத்துவிட்டுத்தான் போனாள்.

பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், ஒரு உதவி. கிளாக்கரா நடிக்கிற தம்பிக்கு மைப் பேனை பிடிக்கத் தெரியா. அந்தக் காலத்து எழுத்தும் வருதில்ல. உங்கட கை மட்டும் வேணும்."

"கையா?"

"முகம் தெரியாது. படிவம் நிரப்புற கை மட்டுந்தான். கதையில வார மகள் வந்து நிண்டு செல்லுவா, நீங்க எழுதுறீங்க. அவ்வளவுதான்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று நினைப்பாளே. வெள்ளைச் சட்டைக் கையை மடித்து விட்டார்கள். மேசையில் படிவம். அவளே பழைய படிவத்தைப் பார்த்து அச்சடித்து வைத்திருந்தாள், ஒரு கோடு பிசகவில்லை. கூடையோடு நின்ற பெண் ஹந்தானைப் பிள்ளை, இருபது வயதிருக்கும், நெற்றியில் கூடைக் கயிற்றுத் தழும்பு.

"பேரு?"

அந்தப் பெண் சொன்னாள். எழுதினேன்.

"வயசு?" என்று கிளாக்கர் தம்பி எனக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"பத்தொம்பதுங்க" என்றாள் அந்தப் பெண்.

நான் பதினேழு என்று எழுதினேன்.

வேண்டுமென்று எழுதவில்லை. என் கண் பார்த்துக்கொண்டிருக்க என் கை எழுதியது. ஏழின் நடுவில் குறுக்குக் கோடும் போட்டது. ஒன்றும் ஏழும் குழம்பாமலிருக்க பெரிய கிளாக்கர் எனக்குப் பழக்கிய கோடு. நான் நிமிர்ந்தேன். அவள் கமெராவுக்குப் பக்கத்தில் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறவில்லை. எண்ணினேன், ஒன்பது வரை எண்ணிய பிறகுதான் "கட்" என்றாள்.

"பிழை போயிற்று. திரும்ப எடுப்போம்" என்றேன்.

"வேணாம் அங்கிள். சரியா வந்தீக்கி."

"பத்தொன்பது என்றல்லவா அந்தப் பிள்ளை சொன்னது?"

"ஓ. கேட்டிச்சி."

படிவத்தை எடுத்து மடிக்காமல் ஒரு கடதாசி மட்டையில் வைத்துக்கொண்டு போனாள். அன்று பின்னேரம் எனக்கு ஒரு கட்டிக் கருப்பட்டி தந்தாள். சாப்பிடவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் அவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அந்தத் துண்டை வெட்டியிருப்பாள் என்று ஒருநாள் நினைப்பேன், வெட்டியிருக்க மாட்டாள் என்று அடுத்த நாள். மனைவி கேட்பாள்: "அந்த மகளக் காணோமே, என்னாங்க, நீங்க ஏதும் சொன்னீங்களா?"

2024 ஓகஸ்டில் கண்டியில் ஒரு சின்ன மண்டபத்தில் படத்தைக் காட்டினாள். நூற்றிருபது கதிரை, ஐம்பத்தெட்டு பேர். மனைவி நல்ல சேலை கட்டி வந்தாள். படத்தில் சண்டை இல்லை, பாட்டு இல்லை என்று சொன்னது உண்மைதான். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. நாற்பத்தோராவது நிமிடத்தில் என் கை வந்தது. திரை முழுக்கக் கை. "பத்தொம்பதுங்க" என்று அந்தப் பெண்ணின் குரல். பேனை நகர்ந்தது. ஒன்று. ஏழு. நடுவில் கோடு. மண்டபத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். கிழட்டுக் குரல், பெண் குரல். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே அவள் வாசலில் நின்று எல்லாருடைய கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கையையும் பிடித்தாள். அதே கைதான்.

த்ரீவீலரில் பாதி தூரம் வந்த பிறகு மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அது உங்க ஏழு" என்றாள்.

"அந்தக் காலத்தில எல்லா ஒப்பீசிலும் அப்படித்தான்."

"எங்கப்பா எழுதுற ஏழு. அவர்தானே உங்களுக்குப் பழக்கினாரு. எனக்குத் தெரியாதா?" கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள். "உங்க தங்கச்சிக்கு அப்ப என்ன வயசு?"

சொன்னேன். ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். டிரைவருக்குத் தமிழ் தெரியாது என்று நம்புகிறேன்.

"எங்க வீட்டுக்குப் பயந்தா?" என்றாள். "எங்கப்பா கூடப் பொறந்த அக்கா மூணு பேரும் கொழுந்து பறிச்சவங்கதான். சாகிற வரைக்கும் லயத்துலதான் இருந்தாங்க. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

எனக்கு அது தெரியாது. பெரிய கிளாக்கர் சொன்னதில்லை. அவரும் என்னைப் போல மறைத்திருக்கிறார். ஆனால் அவர் ஒருவரையும் அனுப்பவில்லை. அன்று தொடங்கி பதினாறு நாள் மனைவி என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். பதினேழாம் நாள் "உப்பு போதுமா?" என்றாள்.

படம் எடுத்தவள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ போனாள். நவம்பரில் ஒரு காலை தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. தீபாவளி முடிந்து மூன்று கிழமை. அவள் இப்படி இடையில் எடுக்கிறவள் அல்ல.

"அண்ணே, அந்தத் திகனப் புள்ள வந்து இங்க சமுதாயக் கூடத்துல படம் போட்டுச்சு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அதுக்கு முன்னாலயே ஒருக்கா வந்திருக்கு. ரெண்டு வருசத்துக்கு முந்தி. எங்க வீட்டுல மூணு நாள் தங்கிச்சு. எல்லாம் கேட்டுச்சு. ஆபீஸ்ல பிழை விட்டுட்டாங்கன்னுதான் நான் சொல்லி அனுப்புனேன்."

ஆக, எங்கள் கேற்றுக்கு முன்னால் குடையோடு நிற்பதற்கு முன்பே அவளுக்குத் தங்கச்சியைத் தெரியும். என்னைப் பற்றி அவளுக்குச் சொன்ன அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தி தங்கச்சிதான். வந்த நாளில் அதைச் சொன்னாளா? என் சந்தேகம் பிழையில்லை.

"ஏழப் பாத்தேன்" என்றாள் தங்கச்சி. "மூணாம் வகுப்பு படிச்சவதான் நான். ஆனா நீ எழுதுற செக்றோல் புத்தகத்துல என் பேருக்கு நேர எத்தன ராத்தல்னு தினம் பாத்தவ. உன் ஏழு எனக்குத் தெரியாதா?"

"நான்தான் எழுதினேன்" என்றேன். ஐம்பது வருடமும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அவள் பேசவில்லை. வீட்டுச் சுவரில் மணிக்கூடு இருக்கிறது. ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

"எனக்குப் பிள்ளைங்க இருக்கு, பேரனுங்க இருக்கு. இங்க வந்தது கெட்டுப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் பிறகு. "அதுக்கெல்லாம் உன்னால கணக்குப் பாக்கவும் ஏலாது. ஆனா ஒன்னு. அந்தப் பாஸ்போட் வயசுதான் இங்க எல்லாத்துலயும் ஏறிச்சு. அறுபது முடிஞ்சா முதியோர் பணம் மாசம் ஆயிரம் குடுப்பாங்க. எனக்கு அறுபது முடிஞ்சப்ப ஆபீசர் கார்டப் பாத்துட்டு, பாட்டி இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, போய்ட்டு வாங்கன்னுட்டாரு. முழங்கால் வீங்கிக் கிடந்தேன். ரெண்டு வருசம் மத்தவன் காட்டுல காய் பறிக்கப் போனேன். அந்த இருபத்து நாலு மாசத்தக் குடுத்துரு. வேற ஒன்னும் எனக்கு வேணாம்."

"இன்னும் கூட அனுப்புகிறேன்" என்றேன்.

"வேணாம். இருபத்து நாலாயிரம். ஒரு ரூவா கூடினாலும் திருப்பிருவேன்."

போனை வைத்துவிட்டாள். நான் படம் எடுத்தவளைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணி அடிக்கும்போது எடுத்தாள். எங்கோ ஸ்டேஷன் சத்தம்.

"உங்களுக்கு முதலே தெரியுமா மிஸ்?" என்று கேட்டேன். ஒன்றரை வருடப் பழக்கத்தில் நான் அவளை மிஸ் என்று தவிர வேறு கூப்பிட்டதில்லை.

"ஆபீஸ்ல பிழைன்னு தெரியும் அங்கிள்."

"யார் பிழை என்று?"

"அத நான் ஒரு எடத்திலயும் செல்லல்லயே. நீங்கதானே எழுதினீங்க."

ஆன்ட்டி சுகமா, சாப்பிடுகிறாவா என்று கேட்டாள். கோச்சி வருகிறது என்று வைத்தாள். அதில் பொய் இருந்ததா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. வேண்டுமென்றுதான் என் கையைக் கேட்டாள் என்று சில நாள் நினைக்கிறேன். அந்த ஒன்பது எண்ணும் வரை "கட்" சொல்லாமல் இருந்தபோது, அவளும் என்னைப் போலத் திடுக்கிட்டுத்தான் நின்றாளோ என்று சில நாள் நினைக்கிறேன். அவளைப் போல ஒரு ஆளை எழுபத்தைந்து வருடத்தில் நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்குள் மறுபடி விடுவேனா என்றால், யோசித்துத்தான் விடுவேன். மனைவி விடுவாள்.

அடுத்த திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். மூன்று படிவம். மூன்றையும் நானே நிரப்பினேன். உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினேன். அனுப்பும் காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். கவுன்டர் பிள்ளை, "அங்கிள், இதுக்கு அன்பளிப்புன்னு போடுங்க" என்றாள்.

"அன்பளிப்பு இல்லை மகள், பாக்கி."

"பாக்கின்னு ஒரு காரணம் எங்க லிஸ்ட்ல இல்ல அங்கிள். அன்பளிப்பு போட்டாத்தான் போகும்."

பின்னால் ஆறு பேர் நின்றார்கள். அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். இந்தியக் காசு இருபத்து நாலாயிரம், நம் காசில் எண்பத்து மூவாயிரத்து நாற்பது. வங்கிக் கட்டணம் மூவாயிரத்து இருநூறு. போக வர த்ரீவீலர் தொள்ளாயிரம். எல்லாமாக எண்பத்தேழாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.